ஆர்சி படகின் ஈஎஸ்சி சூடாகிறதா? தண்ணீர்க் குழாயில் பிழை தேடும் வழி

பேட்டரியில் ஓடும் ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) வேகப் படகில் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுப்பது ஈஎஸ்சி என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. ஆர்சி காரிலும் விமானத்திலும் அதைக் குளிரவைக்கக் காற்றே போதும். படகில் அது மூடியைப் போட்டு டேப் ஒட்டிய உடலுக்குள் இருக்கிறது. காற்று உள்ளே போக வழியே இல்லை. அதனால் படகு ஓடும் தண்ணீரையே பிக்கப் என்கிற ஒரு சிறு குழாய் வழியாக உள்ளே எடுத்து, ஈஎஸ்சியின் அலுமினியத் தகட்டுக்குள் ஓடவிட்டு, பக்கவாட்டில் வெளியே விட்டுவிடுகிறோம். இதற்குப் பம்பு கிடையாது. படகின் வேகம்தான் பம்பு.

ஈஎஸ்சி சுட்டதும் பலர் முதலில் செய்வது பெரிய ஈஎஸ்சி வாங்குவது. 120 ஆம்பியரை எடுத்துவிட்டு 180 ஆம்பியரைப் போடுவார்கள். குழாய் பழையது, வளைவு பழையது, அடைப்பும் பழையது. கொஞ்ச நாளில் புதியதும் சுடும். ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் மருந்துக்கடையில் ஒரு 20 மில்லி சிரிஞ்சு வாங்குங்கள். அதோடு வீட்டில் இருக்கும் ஒரு வாளி. பெரும்பாலான பிழைகளைப் பிடிக்க இவை போதும்.

கரைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ப்ரஷ்லெஸ் மோட்டார் தவறுதலாக ஒரு விநாடி சுற்றினாலும் ப்ரொப்பெல்லர் விரலை ஆழமாக வெட்டிவிடும். அப்புறம் மூடியைத் திறந்து, சூடு ஆறுவதற்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்: ஈஎஸ்சியின் உலோகத் தகடு, அதன் கெபாசிட்டர்கள், பேட்டரி கனெக்டர், மோட்டார். எது சுடுகிறது, எது சுடவில்லை என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பின்னால் அது மிகவும் உதவும்.

விரலை ஐந்து விநாடி வைத்திருக்க முடிந்தால் சுமார் 50 டிகிரி. தொட்டதும் இழுத்துக்கொள்ளத் தோன்றினால் 60க்கு மேல். துப்பாக்கி வடிவ வெப்பமானி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பளபளப்பான அலுமினியத்தில் அது உண்மையான வெப்பத்தைவிடக் குறைத்துத்தான் காட்டும். தகட்டில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அந்த டேப்பை நோக்கிப் பிடித்து அளந்தால் சரியாக வரும்.

வெளித்தகடு 60 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். பெரும்பாலான ஈஎஸ்சிகள் 100 டிகிரிக்கு மேல் தாமாகவே நின்றுவிடும்படி செய்யப்பட்டவைதான். ஆனால் அது உள்ளே இருக்கும் உணரி காட்டும் அளவு. வெளியே 70 என்றால் உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் சில்லுகள் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, தண்ணீர் வெளியேறும் வாயைப் படகின் பின்புறத்தில் மறைத்து வைக்காதீர்கள். கரையில் நிற்கும் உங்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் வையுங்கள். ஓட்டும்போது நீங்கள் பார்க்கக்கூடிய ஒரே அளவுமானி அந்த நீர்த்தாரைதான்.

வேகமும் உயரமும்

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் படகின் பிக்கப் குழாயில் தண்ணீர் மோதும் அழுத்தம், தண்ணீரைச் சுமார் 5 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக்கூடியது. வேகம் பாதியாகி 18 கிலோமீட்டர் ஆனால் உயரம் இரண்டரை மீட்டர் ஆகாது, ஒன்றேகால் மீட்டர்தான். நாம் நடக்கும் வேகமான 5 கிலோமீட்டரில் வெறும் 10 சென்டிமீட்டர். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசி ஆகிவிடுகிறது. இதுவும் மேல் எல்லைதான். பிக்கப்பின் வடிவத்தையும் இடத்தையும் பொறுத்துக் கையில் கிடைப்பது இன்னும் குறையும்.

ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் பிக்கப் வைத்திருந்தால் கதை கொஞ்சம் வேறு. அங்கே ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீரும் சேர்ந்து மோதுவதால், படகு மெதுவாகப் போனாலும் ஓரளவு அழுத்தம் இருக்கும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் அதுதான் வாளிச் சோதனை. படகைத் தரையில் வையுங்கள். வாளியை உயரமாக வைத்து, அதிலுள்ள தண்ணீரின் மேல்மட்டம் படகின் வெளிவாயைவிட ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் நுழையும் நிப்பிளிலிருந்து (ட்யூபை மாட்டும் சிறு உலோக முனை) ட்யூபைக் கழற்றி, அதை வாளியிலிருந்து வரும் குழாயோடு இணையுங்கள். இப்போது உங்கள் படகு, உள்குழாய்களைப் பொறுத்தவரை, மணிக்கு 18 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிவாயில் ஒரு மக்கைப் பிடித்து ஒரு நிமிடம் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டர் உள்துளை கொண்ட ட்யூப், ஈஎஸ்சி, மோட்டாரைச் சுற்றிய தண்ணீர் உறையான ஜாக்கெட், மொத்தம் ஒரு மீட்டர் நீளம் என்று அமைந்த என் படகில் சுமார் 400 மில்லி வருகிறது. புதிதாகப் பொருத்தியதுமே இந்த அளவை எடுத்து மூடியின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அடைப்பு சேர்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

வீட்டுக் குழாயை நேரடியாக மாட்ட வேண்டாம். மொட்டைமாடித் தொட்டி ஏழு மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே குழாயில் கிடைக்கும் அழுத்தம் படகு மணிக்கு 42 கிலோமீட்டரில் போவதற்குச் சமம். பாதி அடைத்த குழாயிலும் அந்த அழுத்தம் தண்ணீரைத் தள்ளிவிடும், பிழை மறைந்துவிடும். அதுவே மோட்டார் பம்பிலிருந்து நேராக வரும் குழாய் என்றால் ஈஎஸ்சியின் ஜாக்கெட்டே பிளக்கலாம்.

அறிகுறி: படகு ஓடுகிறது, வெளியே சொட்டுக்கூட வரவில்லை

வாளிச் சோதனை செய்யுங்கள். வாளியில் தண்ணீர் ஓடுகிறது, ஏரியில் ஓடவில்லை என்றால் குற்றம் படகின் உள்ளே இல்லை, பிக்கப்பில். வாளியிலேயே வரவில்லை என்றால் குற்றம் உள்குழாயில்.

பிக்கப் பக்கம் முதலில். சுக்கான் பிளேடின் முன்விளிம்பில் துளை உள்ள வகையா? அந்தத் துளைகள் ஊசி நுழையும் அளவுதான் இருக்கும். ஒரு பாசி இழை போதும், அடைத்துக்கொள்ள. கிட்டார் கம்பி போன்ற மெல்லிய கம்பியால் துழாவுங்கள். ஆனால் முன்னாலிருந்து உள்ளே தள்ளாமல், உள்பக்கமிருந்து சிரிஞ்சில் தண்ணீரை வேகமாகச் செலுத்தி அழுக்கை வந்த வழியே வெளியே அனுப்புங்கள். உள்ளே தள்ளிவிட்டால் அது ஈஎஸ்சி நிப்பிளில் போய் உட்காரும். அங்கிருந்து எடுப்பது பெரும்பாடு.

அடியில் பதிக்கும் சாய்வெட்டுக் குழாய் வகையானால் வெட்டுமுகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். என் முதல் படகில் இதைத் திருப்பி ஒட்டிவிட்டேன். சிரிஞ்சில் அழகாகத் தண்ணீர் வந்தது. ஏரியில் சொட்டு இல்லை. இரண்டு வாரம் ட்யூபையும் நிப்பிளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் படகைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தபோதுதான் தெரிந்தது. வெட்டுமுகம் முன்னோக்கி இருந்தால் தண்ணீர் அதில் மோதி உள்ளே ஏறும். பின்னோக்கி இருந்தால் ஓடும் தண்ணீர் குழாயின் வாயிலிருந்து உறிஞ்சத் தொடங்கும். தண்ணீர் உள்ளே வருவதற்குப் பதிலாக வெளிவாய் வழியே காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். அந்த இரண்டு வாரத்தில் என் ஈஎஸ்சி முழுக்க முழுக்க உலர்ந்த நிலையில்தான் ஓடியிருக்கிறது. பிழைத்தது ஆச்சரியம்தான்.

வெட்டுமுகம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் இடத்தைப் பாருங்கள். நிற்கும்போது படகின் அடி முழுவதும் தண்ணீரில் இருக்கும். வேகமெடுத்ததும் முன்பாதி மேலே எழும்பி, பின்பகுதி மட்டும்தான் தண்ணீரைத் தொடும். நடுவில் பதித்த பிக்கப் அப்போது காற்றில் தொங்கும். ஒற்றை உடல் படகில் அது பின்தட்டுக்கு அருகே, அடியின் நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். இரட்டை உடல் கட்டமரனிலும், தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பாயும் ஹைட்ரோ வகையிலும் வேகத்தில் தண்ணீரைத் தொடும் பரப்பு மிகவும் குறைவு. அவற்றில் சுக்கான் பிக்கப்பைத் தவிர வேறு எதையும் நான் நம்புவதில்லை.

சரி, குற்றம் உள்ளே என்றால்? வெளிவாய்ப் பக்கமிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். வாளி இணைந்தே இருக்கட்டும். எந்த இடத்தில் கழற்றியதும் தண்ணீர் பீறிட்டு வருகிறதோ, அடைப்பு அங்கே நீங்கள் கடைசியாகக் கழற்றி எடுத்த துண்டில் இருக்கிறது. ஈஎஸ்சிக்கு முன்னால் உள்ள இணைப்பைக் கழற்றும்போது அதன் மேல் ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் அகப்படுவது மடிந்த ட்யூப். நேராக இருக்கும்போது வட்டமாக இருக்கும் சிலிக்கான் ட்யூப், கூர்மையான வளைவில் மடிந்துவிடும். வளைவுகளைப் பெரிதாக விடுங்கள். இடமில்லை என்றால் ட்யூபின் மேல் ஒரு மெல்லிய ஸ்பிரிங்கை மாட்டுங்கள். இன்னொன்று, பேட்டரியை உள்ளே வைத்து மூடியையும் போட்டபின் ஒருமுறை வாளிச் சோதனை செய்யுங்கள். பேட்டரியின் ஓரம் ட்யூபை நசுக்குவது மூடியைத் திறந்ததும் மறைந்துவிடுகிற பிழை. மூடாமல் அதைப் பிடிக்கவே முடியாது.

ட்யூப் நழுவக் கூடாதென்று கேபிள் டையை இறுக்கி இழுத்து வழியையே மூடிவிடுபவர்களும் உண்டு. டை நிப்பிளின் உலோகத்துக்கு மேலே உட்கார வேண்டும். அதைத் தாண்டி வெறும் ட்யூபின் மேல் உட்காரக் கூடாது.

பெரிய ஈஎஸ்சிகள் சிலவற்றில் நான்கு நிப்பிள் இருக்கும், அதாவது இரண்டு தனித்தனிக் குழல்கள். எது எதோடு சேர்ந்தது என்று ஊகிக்காமல் ஒன்றில் சிரிஞ்சால் ஊதி எதில் காற்று வருகிறது என்று பாருங்கள். ஒரு குழலின் வெளிமுனையை அடுத்த குழலின் உள்முனையோடு சின்ன ட்யூபால் இணைத்தால்தான் இரண்டு பக்கமும் குளிரும். இந்த இணைப்பை மறந்து பாதி ஈஎஸ்சியை மட்டும் குளிரவைத்துக்கொண்டிருந்த படகுகளைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: வேகத்தில் வருகிறது, மெதுவாகப் போனால் நின்றுவிடுகிறது

ஓரளவுக்கு இது இயற்கை. மேலே சொன்ன கணக்குப்படி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கிடைப்பது 5 சென்டிமீட்டர் உயரம்தான். உங்கள் வெளிவாய் நீர்மட்டத்துக்கு மேல் 6 சென்டிமீட்டரில் இருந்தால் அந்த வேகத்தில் தண்ணீர் வரவே வராது. வெளிவாயைத் தாழ்த்துங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் போதும். உள்ளே ட்யூப் எங்காவது மூடியைத் தொடும் அளவு உயர்ந்து வளைந்திருந்தால் அதையும் தாழ்த்துங்கள். அந்த உச்சியில் காற்று தங்கி, குறைந்த அழுத்தத்தில் வழியை அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது துளையின் அளவு. 2 மில்லிமீட்டர் துளைக்கும் 3 மில்லிமீட்டர் துளைக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அதே அளவு தண்ணீரைத் தள்ள 2 மில்லிமீட்டருக்கு ஐந்து மடங்குக்கும் மேலான அழுத்தம் வேண்டும். ட்யூபை மட்டும் மாற்றினால் போதாது, வழியில் இருக்கும் மிகக் குறுகிய நிப்பிள்தான் கணக்கு. வெட்டிய நிப்பிளின் உள்விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்றும் பாருங்கள், சிறிய ட்ரில் பிட்டைக் கையால் சுழற்றி எடுத்துவிடலாம்.

வெளிவாயின் துளை உள்வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. தாரை தூரமாகப் பாய்ந்தால் அழகாக இருக்கிறது என்று வெளிவாயைக் குறுக்குகிறார்கள். தூரம் கூடும், அளவு குறையும்.

மெதுவாக ஓடும் இழுவைப் படகு, மீன்பிடிப் படகு மாதிரிகளுக்கு இந்த முறையே ஒத்துவராது. அவற்றுக்கு ப்ரொப்பெல்லரின் பின்னால் பிக்கப் வையுங்கள், அல்லது ஒரு சின்ன மின்பம்பைச் சேருங்கள்.

அறிகுறி: விட்டுவிட்டுத் துப்புகிறது, திருப்பத்தில் நின்றுவிடுகிறது

காற்று கலந்து வருகிறது. பிக்கப்புக்கு முன்னால் ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா, ஒரு ஸ்க்ரூ தலை, ஸ்டிக்கரின் ஓரம், அடியில் ஒரு பள்ளம்? அது கிளப்பும் நுரை நேராகப் பிக்கப்புக்குள் போகும். திருப்பத்தில் படகு ஒரு பக்கம் சாயும். தூக்கிக்கொள்ளும் பக்கத்தில் பிக்கப் இருந்தால் அது காற்றைக் குடிக்கும். நடுக்கோட்டை நோக்கி நகர்த்துவதுதான் தீர்வு. ஓரிரு விநாடி நின்று மறுபடி வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம். நேர் ஓட்டத்துக்கு வந்து ஐந்து விநாடி கழிந்தும் தாரை திரும்பவில்லை என்றால்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனாலும் ஈஎஸ்சி சுடுகிறது

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். "அண்ணா, தண்ணி நல்லாத்தான் வருது. ஆனா சூடு குறையவே மாட்டேங்குது. இன்னும் பெரிய ட்யூப் போடட்டுமா?" என்று போன வாரம்கூட ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று விளக்குகிறேன்.

ஈஎஸ்சி 60 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 400 மில்லி தண்ணீர் ஓடினால், அந்த வெப்பம் முழுவதையும் வாங்கிக்கொண்டாலும் தண்ணீர் 2 டிகிரிதான் சூடாகும். நிமிடத்துக்கு 100 மில்லி ஓடினாலும் 9 டிகிரிதான். தண்ணீருக்கு அவ்வளவு கொள்ளளவு. ஆனால் ஓட்டம் நின்றுவிட்டால், அலுமினியத்தின் பங்கை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், உள்ளே தேங்கிய 10 மில்லி 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. அதனால் தண்ணீர் நிறைய வர வேண்டும் என்பதில்லை. நிற்காமல் வர வேண்டும். நிற்காமல் வந்தும் சுட்டால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஈஎஸ்சிக்கு மட்டும் தனிக் குழாய் வரிசை இருந்தால், முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்ததும் ஈஎஸ்சியின் வெளியேறும் பக்க ட்யூபைத் தொட்டுப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகிறது, ஓட்டம்தான் போதவில்லை. மேலே சொன்ன பிரிவுகளுக்குத் திரும்புங்கள். ட்யூப் குளிர்ச்சியாக இருக்கிறது, ஈஎஸ்சி மட்டும் சுடுகிறது என்றால் வெப்பம் தண்ணீரைப் போய்ச் சேரவில்லை. மாஸ்ஃபெட்டுகளுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும், வெப்பம் கடத்தும் தெர்மல் பேட் நகர்ந்திருக்கலாம், யாராவது திறந்து மூடும்போது ஸ்க்ரூவைச் சரியாக முடுக்காமல் விட்டிருக்கலாம். இது கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை.

ஆனால் பெரும்பாலான படகுகளில் இரண்டுமே காரணமாக இருப்பதில்லை. சுமைதான் காரணம். ஈஎஸ்சிக்குள் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மின்னோட்டம் 20 விழுக்காடு கூடினால் வெப்பம் 44 விழுக்காடு கூடும். ப்ரொப்பெல்லர் இன்னும் கடுமை. அதே சுழற்சி வேகத்தில், முழுதும் மூழ்கிச் சுழலும்போது, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பச் சக்தி கேட்கும். 40 மில்லிமீட்டரை எடுத்துவிட்டு 42 போட்டால் கால்பங்குக்கும் மேலாகச் சுமை ஏறும். அதனால் ஈஎஸ்சியில் வெப்பம் ஒன்றரை மடங்கைத் தாண்டும். 2 மில்லிமீட்டர்தானே என்று நினைத்துச் செய்கிற மாற்றம், குழாய் வேலையில் நீங்கள் மிச்சப்படுத்திய அத்தனையையும் விழுங்கிவிடும். அந்தத் தம்பியின் படகிலும் இதுதான் நடந்திருந்தது. பழைய ப்ரொப்பெல்லரைத் திரும்பப் போட்டதும் சூடு தணிந்தது.

ப்ரொப்பெல்லரை மாற்றாமலேயே சுமை ஏறியிருந்தால் ப்ரொப்பெல்லரின் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். பாசி சுற்றியிருக்கும், அல்லது வளையும் தண்டான ஃப்ளெக்ஸ் ஷாஃப்டில் கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது மோட்டாரும் தண்டும் ஒரே கோட்டில் இருக்காது. வாட்மீட்டர் இருந்தால் மின்னோட்டத்தையும் அளந்துவிடுங்கள்.

கரையில் எழுதி வைத்த தாளை இப்போது எடுங்கள். தகடு மிதமான சூட்டில் இருக்க, கெபாசிட்டர்கள் மட்டும் சுட்டனவா? அப்படியானால் பேட்டரியிலிருந்து ஈஎஸ்சிக்கு வரும் ஒயர் நீளமாக இருக்கும். எடையைச் சரிசெய்யப் பேட்டரியை முன்னால் தள்ளி ஒயரை நீட்டுவது வழக்கமான தவறு. ஒயர் நீள நீள அதன் மின்தூண்டல் கூடி, ஒவ்வொரு முறை மாஸ்ஃபெட் திறந்து மூடும்போதும் மின்னழுத்தம் அலைபாயும். அந்த அலையைக் கெபாசிட்டர்கள் தாங்க வேண்டியிருக்கிறது. தலை உப்பிய கெபாசிட்டர் அதன் அடையாளம். ஒயரைக் குறையுங்கள். முடியாது என்றால் ஈஎஸ்சிக்குப் பக்கத்தில் கூடுதல் கெபாசிட்டர் சேருங்கள். நீளம் தேவை என்றால் மோட்டார் பக்க ஒயர்களை நீட்டுங்கள், அங்கே தொல்லை குறைவு. கனெக்டர் மட்டும் சுட்டால் பெரும்பாலும் சால்டரிங் சரியில்லை. இந்த இரண்டையும் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் குணப்படுத்த முடியாது.

பாதி த்ராட்டிலில், அதாவது வேகத்தைப் பாதி மட்டும் கொடுத்து, நீண்ட நேரம் ஓட்டுவதும் சூட்டை ஏற்றும். முழு த்ராட்டிலில் மாஸ்ஃபெட்டுகள் வேகத்துக்காக மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. பாதியில் அவை ஓயாமல் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் வெப்பம்.

ஈஎஸ்சிக்கும் மோட்டாருக்கும் ஒரே வரிசையில் தண்ணீர் போனால் முதலில் ஈஎஸ்சி, அப்புறம் மோட்டார். சூட்டில் முதலில் கெடுவது பெரும்பாலும் ஈஎஸ்சிதான். ஒய் இணைப்புப் போட்டு இரண்டாகப் பிரித்தால் தண்ணீர் எளிதான வழியாகவே அதிகம் போகும், ஈஎஸ்சி பட்டினி கிடக்கும். பிரிக்க வேண்டுமென்றால் இரண்டு பிக்கப், இரண்டு வெளிவாய் என்று தனித்தனியாகவே வையுங்கள்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர் நாடுகளில் 15 டிகிரித் தண்ணீரில் ஓட்டியவர்கள் சொல்லும் ப்ரொப்பெல்லர், பேட்டரி அளவுகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கோடையில் நம் ஏரியின் மேல்மட்டம் 30 டிகிரியைத் தொடும். தகட்டை 60இல் நிறுத்த அவர்களுக்கு 45 டிகிரி இடைவெளி இருக்கிறது, நமக்கு 30தான். அவர்கள் சொல்வதைவிட ஒரு அளவு சிறிய ப்ரொப்பெல்லரில் தொடங்குங்கள். ஓட்டும் நேரத்தையும் முதலில் இரண்டு நிமிடமாக வைத்து, தொட்டுப் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள்.

அறிகுறி: நடு ஏரியில் நின்றுவிட்டது

சூட்டினால் நின்றதா, பேட்டரி இறங்கியதால் நின்றதா? கொஞ்ச நேரம் காத்திருந்து மெதுவாக த்ராட்டில் கொடுங்கள். மெல்ல ஓடி, வேகம் கொடுத்ததும் உடனே துண்டித்தால் பெரும்பாலும் பேட்டரி. ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்ததும் பழையபடி பாய்ந்தால் சூடு. ஆனால் பாய்கிறதே என்று மறுபடி ஓட்டாதீர்கள், நேராகக் கரைக்குக் கொண்டுவாருங்கள். வந்ததும் பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அறிகுறி: படகுக்குள் தண்ணீர்

எல்லாத் தண்ணீரும் குளிர்விப்புக் குழாயிலிருந்து வருவதில்லை. தண்டுக் குழாய், மூடியின் டேப், சுக்கான் கம்பி நுழையும் ரப்பர் என்று பல வழிகள் உண்டு. பிரித்தறிய, உள்ளே துடைத்துவிட்டு டிஷ்யூ பேப்பரை நான்கு மூலையிலும் இணைப்புகளின் அடியிலும் வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். எது நனைகிறது என்று பாருங்கள்.

குழாய்தான் என்றால் சிரிஞ்சை எடுங்கள். வெளிவாயை விரலால் மூடி, உள்வாயில் காற்று நிரம்பிய சிரிஞ்சைச் செருகி, பிஸ்டனைப் பாதி அழுத்திப் பத்து விநாடி பிடித்துவிட்டு விடுங்கள். கசிவில்லை என்றால் பிஸ்டன் ஏறக்குறைய பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்பவில்லை என்றால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழ் வரும் இடத்தைத் தேடுங்கள்.

ட்யூப் நிப்பிளின் மேல் குறைந்தது 8 மில்லிமீட்டர் ஏற வேண்டும். ஏற்றுவதற்கு எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், ஏறியது போலவே வழுக்கி இறங்கிவிடும். வெந்நீரில் முனையை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் போதும். சூப்பர் க்ளூ சிலிக்கானில் ஒட்டாது. பழைய ட்யூபின் முனை தளர்ந்திருந்தால் ஒரு சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனையை மாட்டுங்கள். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ட்யூபில் சிலிக்கானும் உண்டு, பிவிசியும் உண்டு. பிவிசி சூட்டில் இளகி, நிப்பிளின் பிடியை விட்டுவிடும். கிள்ளினால் ரப்பர் போல உடனே மீள்வது சிலிக்கான்.

உடலில் துளையிட்டு நிப்பிள் பதித்த இடத்தில் கசிந்தால் எபாக்சி வையுங்கள். ஜன்னலுக்குப் போடும் சிலிக்கான் பேஸ்ட் வகைகளில் வினிகர் வாடை அடிப்பது காயும்போது அமிலத்தை வெளிவிடும். மூடிய படகுக்குள் அது செம்பு ஒயரையும் சர்க்யூட் போர்டையும் அரிக்கும். வாடையில்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஈஎஸ்சி நனைந்துவிட்டால் பேட்டரியை உடனே கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டாம். உப்புத் தண்ணீராக இருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, இரண்டு நாள் காய விடுங்கள்.

அறிகுறி: நிப்பிளில் வெள்ளைப் பொடி, பச்சைக் கறை, நாளுக்கு நாள் மெலியும் தாரை

கடலிலோ கழிமுகத்திலோ ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும். பித்தளை நிப்பிளும் அலுமினியத் தகடும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறிய மின்கலம். அலுமினியம் கரையும், அதுதான் அந்த வெள்ளைப் பொடி. பச்சை என்றால் பித்தளை அரிக்கிறது. நிப்பிளைச் சுற்றிப் பொடி தெரிந்தால் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் அந்தத் தகட்டைக் கடலில் நம்பாதீர்கள்.

வாளிச் சோதனைக்கு உப்பு நிறைந்த போர் தண்ணீரையே பயன்படுத்துபவர்களுக்கு வேறு தொல்லை. சோதனை முடிந்ததும் உள்ளே தங்கும் தண்ணீர் காய்ந்து சுண்ணாம்புப் படிவமாகிறது, கெட்டிலின் அடியில் படிவது போல. மூடியில் எழுதிய 400 மில்லி 300க்கு இறங்கினால் எலுமிச்சைச் சாற்றில் சரிபாதி தண்ணீர் கலந்து, சிரிஞ்சால் உள்ளே ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், அமிலம் அலுமினியத்தையும் தின்னும். பின்பு இரண்டு மூன்று சிரிஞ்சு நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும், வீட்டுக்குக் கிளம்பும் முன், வெளிவாய்ப் பக்கமிருந்து ஒரு சிரிஞ்சு நல்ல தண்ணீர், அப்புறம் மூன்று சிரிஞ்சு காற்று. பிக்கப்பில் ஒட்டிய பாசியும் அதோடு வெளியே வந்துவிடும். மூடியைத் திறந்தே வைத்துக் கொண்டுபோங்கள்.